புள்ளியைக் காணோம்

முக்கூடலில் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் எனக்கு அது உறைத்தது.

நான் திரைகளை வடிவமைக்கிறவன். டிசைனர் என்று சொன்னால் ஊரில் "பிளக்ஸ் அடிக்கிற வேலையா?" என்று கேட்பார்கள். பாதி உண்மை என்பதால் மறுப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, மகளிர் குழுக்களுக்கான கடன் செயலி ஒன்றின் தமிழ்த் திரைகள் என் பொறுப்பில் வந்தன. செயலியின் பெயரில் இரண்டு மெய்யெழுத்துகள். அவற்றின் தலையில் இருந்த புள்ளிகளை எடுத்துவிட்டு லோகோ செய்தேன். எழுத்துகளெல்லாம் ஒரே உயரத்தில், வழுவழுவென்று, எதுவும் துருத்தாமல் நின்றன. அலுவலகத்தில் கைதட்டினார்கள். தமிழ் எழுத்து இவ்வளவு மாடர்னாக இருந்து பார்த்ததே இல்லை என்றார், தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர். அந்தப் பாராட்டில் இருந்த எச்சரிக்கை அப்போது என் காதில் விழவில்லை.

பிறகு, பயன்படுத்தப்போகிறவர்களிடம் காட்டிப் பார்க்கலாம் என்று முக்கூடலுக்குப் போனோம். பீடி சுற்றும் ஊர். மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தி வாசித்தார். நடுவில் நின்றுவிட்டார்.

"எய்யா, இதுல புள்ளியக் காணுமே. படிக்காத பிள்ளையா எழுதுனது?"

"நான்தான் ஆச்சி எழுதுனேன்."

"வைக்க மறந்துட்டியோ?"

வேண்டுமென்றுதான் வைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த திரை இன்னும் மோசம். கடனோடு காப்பீடும் சேர்க்க வேண்டுமா என்று ஒரு கேள்வி. கீழே அடுத்தடுத்து இரண்டு பட்டன்கள்: 'வேண்டும்', 'வேண்டாம்'. என் கணினியில் அழகாக இருந்தவை அவருடைய சின்ன போனில் இடம் போதாமல் வெட்டுப்பட்டு, இரண்டுமே 'வேண்…' என்று நின்றன. ஒன்று பச்சை, மற்றது சாம்பல்.

"ரெண்டுலயும் ஒண்ணுதானய்யா போட்டிருக்கு?" என்றார் ஆச்சி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பச்சையை அழுத்தினார். அன்று நாங்கள் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பச்சையைத்தான் அழுத்தினார்கள். பச்சை என்றால் 'வேண்டும்'. மாதாமாதம் பணம் பிடிக்கப்படும் என்று அர்த்தம்.

அந்த வாரம் லீவு போட்டு ஊரிலேயே தங்கிவிட்டேன். பாளையங்கோட்டை என் ஊர். ஒரு புள்ளியை எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை எனக்கு முன்னால் எத்தனை பேர் சந்தித்திருப்பார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அந்த வரலாற்றின் பாதி என் வீட்டைச் சுற்றியே, தாமிரபரணிக் கரையோரமாகவே கிடந்தது.

*

சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மறுகால்தலை என்று ஒரு ஊர். அங்கே பாறைக்குகை ஒன்றில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. துறவிகளுக்குக் கல்லில் படுக்கை அமைத்துக் கொடுத்தவரைப் பற்றிய ஒரே ஒரு வரி. அதில் 'கொடுப்பித்த' என்று நாம் எழுதும் சொல், 'கொடுபித' என்று வெட்டப்பட்டிருக்கிறது. ப்பும் இல்லை, த்தும் இல்லை.

ஐராவதம் மகாதேவன் இந்தக் குகைக் கல்வெட்டுகளையெல்லாம் வரிசைப்படுத்தி ஆராய்ந்தவர். தொடக்கக் காலத் தமிழியில் புள்ளி கிடையாது, அது பின்னால் வந்து சேர்ந்தது என்று காட்டினார். அசோகர் காலத்துப் பிராமி பிராகிருதத்துக்கு வசதியான எழுத்து. பிராகிருதத்தில் சொல்லின் கடைசியில் மெய்யெழுத்து வருவது அபூர்வம். தமிழில் அவன், அவள், கல், மண், நீர் என்று எங்கே திரும்பினாலும் மெய்யில்தான் முடிகிறது. வேறொரு மொழிக்குத் தைத்த சட்டையை நமக்குப் போட்டுப் பார்த்தால் தோள்பட்டை இடிக்குமே, அப்படி இடித்த இடம் இது. மெய்க்கு அடையாளமாக ஒரு புள்ளி என்பது அதற்குக் கண்டுபிடித்த தீர்வு. கூட ஒரு எழுத்து வேண்டாம், இரண்டு எழுத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், ஒரு பொட்டு போதும்.

தொல்காப்பியம் இதை விதியாகவே சொல்கிறது. மெய்யெழுத்து புள்ளி பெறும். குறிலான எ, ஒ இரண்டும்கூடப் புள்ளி பெறும். நம் காலத்து டிசைன் டீம்கள் இப்போது பக்கம் பக்கமாக எழுதிவைக்கும் வழிகாட்டி ஆவணத்தைப் போன்றதுதான் அது. எந்தக் குறி எங்கே, எதற்கு என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் வழிகாட்டி இருப்பது வேறு, அதன்படி வேலை நடப்பது வேறு என்பது அப்போதும் அப்படியே இருந்திருக்கிறது.

*

விதியை உடைத்தது பனை ஓலை.

எங்கள் பக்கத்தில் பனையைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓலையில் எழுத்தாணியை அழுத்தி இழுத்தால் கோடு விழும். குத்தினால் ஓட்டை விழும், ஓலை நாரோடு கிழியவும் கிழியும். தமிழ் எழுத்துகள் வளைந்து வளைந்து வந்ததற்கும், ஏட்டில் புள்ளி மறைந்ததற்கும் வழக்கமாகச் சொல்லும் காரணம் இது. வேகமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆயிரம் பாட்டைப் பிரதி எடுக்கிறவன் ஒவ்வொரு மெய்க்கும் கையைத் தூக்கித் தூக்கிப் புள்ளி வைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

புள்ளி போனதும் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகின. எகர ஒகரக் குறில்களின் புள்ளியும் போனதால் குறிலும் நெடிலும் ஒன்றாகின. 'எடு' என்று எழுதினாலும் 'ஏடு' என்று எழுதினாலும் ஏட்டில் ஒரே உருவம். 'கொல்' என்றாலும் 'கோல்' என்றாலும் ஒன்றே. போதாக்குறைக்கு ரகரமும் துணைக்காலும் வேற்றுமை இல்லாமல் எழுதப்பட்டன. 'கரடி'யைக் 'காடி' என்று வாசித்துவிடலாம்.

பழைய ஏடுகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் எங்கள் ஜில்லா முழுக்க அலைந்திருக்கிறார். ஆற்றின் தென்கரையில் இருக்கும் ஆழ்வார்திருநகரியில், இலட்சுமண கவிராயர் உதவியால் பத்துப்பாட்டின் ஏடு அவருக்குக் கிடைத்த கதையை 'என் சரித்திர'த்தில் வாசிக்கலாம். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு என்று அவர் பதிப்பித்த புத்தகங்களை நாம் இன்று சுலபமாகப் புரட்டுகிறோம். ஏடு கிடைத்தது வேலையில் ஒரு பகுதிதான். கொம்பு எங்கே, கால் எங்கே, மெய் எது என்று ஒவ்வொரு எழுத்தாக முடிவெடுத்தது மீதி. புள்ளியில்லாத வரியில் புள்ளியை மனதால் வைத்து வாசிக்க யாப்பு தெரிய வேண்டும், நிகண்டு தெரிய வேண்டும், உரை தெரிய வேண்டும். பாதிப் பாட்டு மனப்பாடமாகவே இருந்தால் இன்னும் நல்லது.

ஆழ்வார்திருநகரித் தெருவில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். எழுதுகிறவன் தவிர்த்த ஒரு சிரமம் காற்றில் கரைந்துவிடவில்லை. அது அப்படியே வாசிக்கிறவன் தலையில் ஏறியது. ஏற்கெனவே படித்தவனுக்கு அந்தச் சுமை பெரிதில்லை, குரு வாயால் கேட்டிருப்பான். முதன்முதலாக எழுத்துக்கூட்டி வாசிக்க வருகிறவனுக்கு அது மலை. புள்ளியில்லாத ஏடு, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு. என் லோகோவும் அப்படித்தான். செயலியின் பெயர் தெரிந்த எங்களுக்கு அது வாசிக்க வந்தது. ஆச்சிக்கு வரவில்லை.

*

ஆறு கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். மீன்பிடிப் படகுகள், காயும் வலைகள். தமிழ் அச்சின் வரலாற்றில் இந்த ஊருக்கு முக்கியமான இடம் உண்டு. அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அழைக்கப்படும் போர்த்துக்கீசியர் என்ரிக்கே என்ரிக்கஸ் இருந்த ஊர். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்திலேயே இந்தியாவில் அச்சான முதல் புத்தகம். கோவாவில் ஒருவர், கொல்லத்தில் ஒருவர் என்று இரண்டு பேர் வார்த்த எழுத்துகள் அதற்கு இருந்தன. அவருடைய பெரிய நூலான 'அடியார் வரலாறு' 1586இல் அச்சானது புன்னைக்காயலில்தான் என்று கருதப்படுகிறது. முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் அச்சுவேலைக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த முதல் புத்தகத்தின் பக்கங்களைப் படமாகப் பார்த்தேன். தலைப்பே 'தமபிரான வணககம' என்றுதான் இருக்கிறது. புள்ளி இல்லை.

எனக்கு இது பெரிய ஆச்சரியம். தாளில் ஈய எழுத்தை அழுத்தினால் எதுவும் கிழியாது. ஓலையின் கஷ்டம் எதுவும் தாளுக்குக் கிடையாது. ஆனாலும் அச்செழுத்தை வார்த்தவர்களுக்கு முன்மாதிரி ஏட்டுக் கையெழுத்து. அது எப்படி இருந்ததோ அப்படியே வார்த்தார்கள். காரணம் செத்துப்போன பிறகும் பழக்கம் உயிரோடு இருந்தது. நம் திரைகளில் இன்றைக்கும் 'சேமி' என்ற பொத்தானில் ஃப்ளாப்பி வட்டின் படம் இருக்கிறது, அந்த வட்டைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் அதை அழுத்துகிறார்கள். அது யாரையும் தடுக்கவில்லை. புள்ளியில்லாத அச்சு தடுத்தது. அச்சில் புள்ளி நிலையாக ஊன்றப் பிறகும் பல தலைமுறை ஆயிற்று.

இதற்கு நடுவில்தான் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் நடக்கிறது. கான்ஸ்டன்டைன் பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், 1710 வாக்கில் இங்கே வந்தார். பழைய திருநெல்வேலிச் சீமையின் காமநாயக்கன்பட்டி அவர் தொடக்கத்தில் பணியாற்றிய ஊர்களில் ஒன்று. எகர ஏகார, ஒகர ஓகாரக் குழப்பத்தைத் தீர்த்தது அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பழைய விதிப்படி குறிலுக்குப் புள்ளி. அவர் குறிலை வெறுமனே விட்டுவிட்டு, நெடிலுக்குக் குறி கொடுத்தார். ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக் கொம்பாக்கினார். எகரத்தின் காலை இழுத்து ஏகாரம், ஒகரத்தின் அடியைச் சுழித்து ஓகாரம்.

ஒரு டிசைனராக இதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. 'புள்ளி வையுங்கள்' என்று எழுதுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருப்பது சுலபம். இந்தத் திருத்தமோ வேற்றுமையைப் புள்ளியிலிருந்து எடுத்துச் சுழியில் வைக்கிறது. ஓலை புள்ளியைத் தாங்காது, சுழியைத் தாங்கும். எழுத்தாணியைத் தூக்காமலே ஒரு சுற்று சுற்றிவிடலாம். எழுதுகிறவனுக்கும் பாரமில்லை, வாசிக்கிறவனுக்கும் குழப்பமில்லை. இன்று நாம் 'கோடு' என்று எழுதும்போது யாரையும் நினைத்துக்கொள்வதில்லை. அந்த அளவுக்கு அது கையோடு ஒட்டிவிட்டது.

*

என் அத்தை பாளையங்கோட்டையில் தட்டச்சுப் பள்ளிக்குப் போனவர். தமிழ் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். புள்ளியைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றதும் சிரித்தார். "நாங்கல்லாம் புள்ளிய முதல்ல அடிச்சிட்டுத்தான் எழுத்த அடிப்போம், தெரியுமா?"

தெரியாது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துக்காரர். மலாயா, சிங்கப்பூர் பக்கம் போய் வாழ்ந்தவர். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். அவர் கண்ட வழி நகரா விசை. அதை அடித்தால் குறி விழும், ஆனால் தாள் நகராது. ஆக, புள்ளியை முதலில் அடித்துவிட வேண்டும். தாள் அங்கேயே நிற்கும். பிறகு எழுத்தை அடித்தால் அது புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். கையால் எழுதும் வரிசைக்கு நேர் தலைகீழ். அத்தைக்கு விரல் பழக மூன்று மாதம் ஆனதாம். இங்கே சிரமம் தட்டுகிறவர் மேல் ஏறியது. ஆனால் வாசிப்பவருக்கு முழுப் புள்ளியோடு, பிசிறில்லாத தமிழ் கிடைத்தது.

எழுத்துச் சீர்திருத்தமும் இதே கணக்குத்தான். 1935இல் பெரியார் 'குடிஅரசு' இதழில் ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகளின் யானைத் துதிக்கைக் கொம்பையும், ணா, றா, னா வரிசையின் தனி உருவங்களையும் விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே எழுத ஆரம்பித்தார். படிக்கிற குழந்தைக்கும் அச்சுக்கோர்ப்பவருக்கும் வேலை குறையும் என்பது வாதம். அதில் 13 எழுத்துகளின் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. பழைய புத்தகக் கடையில் அதற்கு முந்தைய நாவல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அந்தத் துதிக்கைகளைப் பார்க்கலாம். அழகாகத்தான் இருக்கின்றன. எனக்கு ஏக்கம்கூட உண்டு. அந்த ஏக்கத்துக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விலை கொடுக்கக் கூடாது.

*

கணினி வந்ததும் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருவும் தனி நாடு. ஒரு ஃபாண்டில் தட்டியது இன்னொன்றில் திறந்தால் கோழி கிளறியது போல இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதிலிருந்து வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை.

அதில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தில் புள்ளி தானாக விழும். ல, ல, ஐ என்று தட்டினால் 'ல்லை'. ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. தமிழில் இவை சேர்ந்து வருவதுதான் இயல்பு என்பதை விசைப்பலகை தெரிந்துவைத்திருக்கிறது. புள்ளி வேண்டாம் என்ற அரிதான இடத்தில் மட்டும் நடுவில் 'அ' தட்ட வேண்டும். முத்தையாவின் பொறியில் விரல் சுமந்ததை இங்கே இலக்கணம் தெரிந்த இயந்திரம் சுமக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இலேயே தொடங்கிய முரசு அஞ்சல், பிறகு கைபேசியில் வந்த செல்லினம் வழியாகப் பரவிய ஒலியியல் முறை இன்னொரு பாதை. ஆங்கில 'கே'யைத் தட்டியதும் புள்ளியோடு 'க்' வரும். 'ஏ' தட்டியதும் புள்ளி மறைந்து 'க' ஆகும். மெய்யோடு உயிர் சேர்வதை உங்கள் கட்டைவிரல் தினமும் செய்துகாட்டுகிறது.

ஆனால் உள்ளே, சேமிக்கும் இடத்தில், யூனிகோடு வேறு மாதிரி நினைக்கிறது. 1991இல் வந்த அதன் அமைப்பு பிற இந்திய மொழிகளோடு பொதுவானது. அங்கே 'க'தான் அடிப்படை. 'க்' என்பது க-வும் ஒரு தனிப் புள்ளியும். நமக்கு 'திருநெல்வேலி' ஆறு எழுத்து. இயந்திரத்துக்குப் பன்னிரண்டு. "பெயர் ஏழு எழுத்தில் முடிய வேண்டும்" என்று யாரோ ஒரு புரோகிராமர் வெட்டினால் 'திருநெல' என்று நிற்கும், வெட்டுவாயில் முதலில் விழுவது புள்ளி. வரிக்கும் வரிக்கும் இடைவெளியை ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு வைத்தால், மேலே இருக்கும் புள்ளியைப் பெட்டியின் விளிம்பு தின்றுவிடும். ஓலை தின்ற அதே புள்ளி.

*

விடுமுறை முடிந்து போனதும் மூன்று வேலை செய்தேன். லோகோவில் புள்ளிகளைத் திரும்ப வைத்தேன். வெறும் வட்டமாக வைக்காமல் எழுத்தின் கனத்தோடு பொருந்த வைக்க நான்கு நாள் ஆயிற்று. எடுத்தபோது ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. வரி இடைவெளியைக் கூட்டினேன். மூன்றாவதாக, அந்த இரண்டு பட்டன்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக, திரையின் முழு அகலத்துக்குப் போட்டேன், ஒரே நிறத்தில்.

மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. திரை பழசாகத் தெரிகிறது என்றார்கள். சம்மதம் சொல்பவர்களின் எண்ணிக்கை குறையும் என்றும் ஒருவர் மெதுவாகச் சொன்னார். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வந்து நிற்கும். தமிழில் அது வினையின் வாலில் இருக்கிறது: வேண்டும், வேண்டாம், வரும், வராது, தெரியும், தெரியாது. வாலை நறுக்கினால் தமிழில் மறுக்கவே முடியாது என்று விளக்கினேன். அரை மனதோடு விட்டார்கள்.

சினிமாத் தலைப்பிலும் கல்யாணப் பத்திரிகையிலும் புள்ளியைப் பூவாக்கலாம், நட்சத்திரமாக்கலாம். எங்கள் ஊர்ச் சுவர்களில் பெயின்டர் அண்ணன்கள் செய்த வித்தைகளைப் பார்த்துத்தான் எனக்கு எழுத்தின் மேல் ஆசையே வந்தது. அங்கே நின்று ரசிக்க நேரம் உண்டு, தப்பாக வாசித்தாலும் நட்டமில்லை. பணம் பிடிக்கும் பட்டனில் அந்த விளையாட்டு கூடாது. அங்கே டிசைனர் தன் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு. கொம்பின் தலையைச் சுழித்தது போல ஒன்றைக் கண்டுபிடிப்பதில் செலவழிக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து முக்கூடலுக்குத் திரும்பப் போனோம். அதே திண்ணை, அதே தட்டு. ஆச்சி போனை வாங்கிப் பெயரை வாசித்தார், எங்கேயும் நிற்காமல் தாண்டிப் போனார். லோகோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பீட்டுத் திரை வந்தது. இரண்டு வரியையும் முணுமுணுத்து வாசித்தார்.

"எய்யா, இது மாசாமாசம் பிடிப்பாவளோ?"

"ஆமா ஆச்சி."

'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.